காப்ரித் தீவிலிருந்து சொன்ன பொய்

தம்பி,

உன் கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. மண்டபம், மாலை, ஐயர் எல்லாம் சொல்லியாயிற்று. இந்தக் கடிதத்தில் இருப்பதை உனக்குப் போனில் சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு தரம் எடுத்தேன். இரண்டு தரமும் செய்தி பதிகிற உன் மெஷின்தான் பதில் சொன்னது. இதை ஒரு மெஷினிடம் சொல்லிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். முதலில் நீ தனியாக வாசி. பிறகு ஆரணியிடமும் கொடு. அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்றால் நீ சத்தமாக வாசி. இந்த வீட்டுக்கு வரப்போகிற பிள்ளை, தன் மாமியார் எப்படிப்பட்டவள் என்று என் கையெழுத்திலேயே அறிந்துகொள்ளட்டும்.

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் புஷ்பா பலகாரம் சுட உதவிக்கு வந்தாள். இங்கே வந்த நாளிலிருந்து நீ புஷ்பா அன்ரி, புஷ்பா அன்ரி என்று ஓடிப்போவாயே, அவள்தான். பேச்சோடு பேச்சாக ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவள் சொன்னதைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முதல், ஏழு வருடத்துக்கு முன்னால் நான் செய்ததை நானே சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு இந்த வீடு எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். ஸ்காபரோவில் இதே கட்டடம், இதே பதினோராம் மாடி. இரண்டு அறைக்குள் ஏழு பேர். ஒரு அறையில் உன் மாமா குடும்பம் நான்கு பேர். மற்றதில் நீயும் அப்போதுதான் வந்திறங்கிய உன் ஒன்றுவிட்ட அண்ணனும். நான் ஹோலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் பாயைப் போட்டுப் படுத்தேன். யாருமே கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் என்னை நம்பி வந்தவர்கள். ஆனால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் இரண்டு நிமிடத்தில் யாராவது தட்டுவார்கள். அக்கா, மாமி, சித்தி, அம்மா என்று விடிந்ததிலிருந்து ஏதாவது ஒரு பெயரில் யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். உன் அப்பா காலமானபின் ஒன்பது வருடம் அப்படித்தான் போயிற்று. ஒரு நாளாவது ஒரு மூலையில் சும்மா இருந்து அழ எனக்கு இடம் கிடைக்கவில்லை. இதை ஒரு சாட்டாகச் சொல்லவில்லை. நடந்தது நடந்தபடி வரவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த நாட்களில் நான் மிஸஸ் டாசனைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். இரண்டு பஸ்ஸும் ஒரு சப்வேயும் எடுத்துப் போவேன். பள்ளத்தாக்கு ஓரமாக, மரங்களுக்குள் மறைந்த பெரிய வீடு. எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த விதவை. கைத்தடியை ஊன்றி நடப்பார், கைவிரல்கள் மடங்கிப் போயிருந்தன. குளிக்க வார்த்து, மருந்து கொடுத்து, சட்டைப் பொத்தான் பூட்டிவிடுவது என் வேலை. இளம் வயதில் அவரும் கணவரும் யாட் என்கிற உல்லாசப் படகில் இத்தாலிக் கடல் முழுக்கச் சுற்றினவர்களாம். அந்த எண்பதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து அதேபோல ஒரு படகை அமர்த்திக் கொடுத்தார்கள். நேப்பிள்ஸில் ஏறி, காப்ரித் தீவுக்குப் போய், இன்னும் இரண்டொரு தீவு பார்த்துத் திரும்புவது. பன்னிரண்டு நாள். மகன் பீட்டர் லண்டனிலிருந்து காப்ரிக்கு வந்து சேர்ந்துகொள்வார் என்று ஏற்பாடு. டொரோண்டோவிலிருந்து கூடப்போக ஒரு ஆள் வேண்டும்.

மகள் கெரல் சித்திரை மாதம் என்னைக் கூப்பிட்டு, ஜூன் கடைசியில் எனக்கு வீட்டில் முக்கியமாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தால் யோசிக்காமல் சொல்லச் சொன்னாள், வேறொரு நர்ஸை ஆயத்தமாக வைத்திருப்பதாகவும் சொன்னாள். உன் பள்ளிக்கூடப் பட்டமளிப்பு விழாக் கடிதம் அப்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவள் மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னேன்.

ஏன் என்று நீ கேட்பாய். இத்தாலி பார்க்கிற ஆசை எனக்கு இருக்கவில்லை. கடல் என்றால் எனக்குப் பயம் என்பது உனக்குத் தெரியும். பன்னிரண்டு நாள் யாரும் என்னை அம்மா என்று கூப்பிடாத ஒரு இடம் வேண்டும்போல இருந்தது. அவ்வளவுதான். உன்னைப் பெற்றவள் இப்படி எழுதுவதை வாசிக்க உனக்குக் கஷ்டமாக இருக்கும். எழுதவும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

உன்னிடம் வந்து வேறு கதை சொன்னேன். நீ மேசையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாய். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபடி, அந்த வீட்டுக்காரர் என்னை விடமாட்டார்களாம், போகாவிட்டால் வேலை போய்விடும் என்று சொன்னேன். நீ புத்தகத்தை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப என்ன செய்யிறது அம்மா, போயிட்டு வாங்கோ" என்றாய். குழம்பைக் கிளறிக்கொண்டே நின்றேன். உன் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கனடாப் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் விழுந்த முத்திரை அந்தப் பயணத்துடையது. நேப்பிள்ஸ் துறைமுகத்தில் அந்தப் படகைக் கண்டதும் என் கால் நின்றுவிட்டது. வெள்ளைப் படகு, பளபளவென்று தேய்த்த மரத்தட்டு, பாய்மரம் மேகத்தைத் தொடுகிற உயரம். ஆனாலும் அது தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. ஊர்ச் சண்டைக்குத் தப்பி நீயும் நானும் வள்ளத்தில் இந்தியாவுக்குக் கடந்துபோன அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் கடலில் கால் வைத்ததே இல்லை. படகோட்டியின் மனைவிதான் சமையல்காரி. என் பயத்தைக் கண்டு கையைப் பிடித்து ஏற்றினாள். மிஸஸ் டாசன் எனக்கு முன்னால் தடியையும் வீசிவிட்டு ஏறிப்போனார். எனக்கென்று ஒரு சிறிய அறை தந்தார்கள். கட்டில், ஒரு விளக்கு, வட்டமான யன்னல். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். யாரும் தட்டவில்லை. கட்டிலில் இருந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது தட்டுவார்கள் என்று கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் மூன்று நாள் எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. காலையில் அவரைக் குளிக்க வார்த்து மேலே கூட்டிவந்து நிழலில் இருத்திவிட்டால் மத்தியானம் வரை வேலை இல்லை. யாரோ சமைத்த சாப்பாட்டை யாரோ என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். காப்ரித் துறைமுகத்தில் வந்து கட்டியபோது எங்களுக்கு இரண்டு பக்கமும் வீடு மாதிரி யாட்கள். எல்லாவற்றிலும் வெயிலில் படுத்திருக்கும் வெள்ளைக்காரர். அவர்கள் நடுவில் சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நான் ஒருத்தி. பக்கத்துப் படகில் ஒரு மனுசி என்னைப் பார்த்துக் கை காட்டினாள். நானும் காட்டினேன். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பிறந்தநாள் அன்று மிஸஸ் டாசன் நீல உடுப்பு உடுத்தி, எனக்குத் தலைவாரிவிடச் சொல்லி, மாலை வரை மேல்தட்டில் காத்திருந்தார். பீட்டர் வரவில்லை. நாளைக்கு வருவதாகத் துறைமுக அலுவலகத்துக்குச் செய்தி வந்தது. கேக்கை வெட்டாமல் மூடி வைத்தோம். அந்த மறுநாள்தான் உன் பட்டமளிப்பு.

அன்று காலை எங்களைத் தீவின் இன்னொரு கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பாறைக்குள் ஒரு குகை, உள்ளே தண்ணீர் நீலமாக எரியும் என்று உலகம் முழுக்கச் சனம் பார்க்க வருகிறது. தாழ்வான தோணியில் அவரால் ஏறி இறங்க முடியாது, நான் போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். யாட்டிலிருந்து ஒரு குட்டித் தோணிக்கு மாறினேன். குகையின் வாசல் தண்ணீரிலிருந்து இரண்டு முழம்கூட உயரமில்லை. தோணிக்காரன் என் தோளில் கை வைத்து அமத்தி, படு என்று சைகை காட்டினான். எங்கள் வள்ளத்திலும் அப்படித்தானே படுக்கச் சொன்னார்கள். நான் தோணியின் அடியில் மல்லாந்து படுத்தேன். வள்ளத்தில் போன அன்றைக்கு உனக்குப் பன்னிரண்டு வயது. எங்களை மூடிய படங்குக்குக் கீழே என்னோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, "அம்மா, நான் உங்கட கையைப் பிடிச்சிருக்கிறன், பயப்பிடாதேங்கோ" என்று என் காதுக்குள் சொன்னாய். உனக்கும் பயந்தான், ஆனாலும் நீதான் எனக்குச் சொன்னாய்.

தோணி உள்ளே போயிற்று. எழும்பிப் பார்த்தேன். தண்ணீர் அடியிலிருந்து விளக்குப் போட்டதுபோல இருந்தது. துடுப்பு, தோணிக்காரனின் கை, என் சேலைத் தலைப்பு எல்லாம் நீலம். மற்றத் தோணிகளில் இருந்தவர்கள் ஆளுக்கு ஆள் தொட்டுக் காட்டிச் சிரித்தார்கள். நான் என் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒரு சுருட்டின கயிறுதான் கிடந்தது. யாரும் கூப்பிடாத இடம் வேண்டும் என்று வந்தேன். வந்து சேர்ந்த இடத்தில் ஒரு சொல்லைச் சொல்லக்கூட எனக்கு ஆள் இருக்கவில்லை. திரும்பி வந்து, எப்படி இருந்தது என்று மிஸஸ் டாசன் கேட்டபோது நல்ல நீலம் என்று மட்டும் சொன்னேன்.

மத்தியானம் படகோட்டி துறைமுக அலுவலகத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தார். பீட்டருக்கு அலுவல் கூடிவிட்டதாம், வர முடியாதாம். மிஸஸ் டாசன் அதை வாசித்து, நாலாக மடித்து, தண்ணீர்க் கிளாசுக்குக் கீழே வைத்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று நான் ஏதோ தொடங்கினேன். அவர் தலையை ஆட்டி நிறுத்தினார்.

"அவனைக் குறை சொல்லாதே" என்றார். "அவன் சின்னவனாக விடுதியில் இருந்து படித்தபோது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு எத்தனை தரம் நான் போகாமல் இருந்தேன் தெரியுமா? இதே கடலில்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். அலுவல் இருக்கிறது என்று கடிதம் போடுவேன். அவன் அதை நம்பவில்லை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது."

பிறகு உன்னைப் பற்றிக் கேட்டார். மகன் இப்போது என்ன செய்கிறான் என்று. படிக்கிறான் என்றேன். இன்றைக்கு அவனுக்குப் பட்டமளிப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. கரைக்குப் போய்வர ஒரு மணித்தியாலம் கேட்டு இறங்கினேன்.

அங்கே மூன்று மணி என்றால் உனக்குக் காலை ஒன்பது. சிகரெட் கடையில் போன் கார்ட் வாங்கினேன். பக்கத்தில் தேசிக்காய்ச் சாறு ஊற்றின ஐஸ் விற்றார்கள். வெயிலுக்கு அதையும் ஒரு கப் வாங்கிக்கொண்டு, ஒரு கையில் ஐஸும் மறுகையில் ரிசீவருமாகத்தான் உன்னோடு கதைத்தேன். பின்னால் யாரோ அக்கோர்டியன் வாசித்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு முதுகைக் காட்டி, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.

"அம்மா, கனக்க வேலையோ?" என்று கேட்டாய்.

"ஓம் தம்பி. ஒரு நிமிசம் இருக்க விடுகினம் இல்லை. எத்தினை தரம் கேட்டுப் பாத்தன், விடமாட்டம் எண்டிட்டினம்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த அழுகை உண்மை, சொன்ன வார்த்தை மட்டும் பொய்.

"அழாதேங்கோ அம்மா" என்றாய். "நான் கோவிக்கேல்லை. புஷ்பா அன்ரி வாறா. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கோ."

ஐஸ் உருகி முழங்கை வரை வழிந்திருந்தது. போனை வைத்தபின் துறைமுகச் சுவரோரம் ஒரு குழாயில் கையைக் கழுவினேன். அந்த ஊரில் அன்றைக்கு எல்லோரும் யாரோடாவது நடந்துபோனார்கள். கடை வாசலில், படகுத் தட்டில், படியில், எங்கே பார்த்தாலும் இரண்டு பேர், நான்கு பேர். ஒரு மணித்தியாலம் முடிய இன்னும் அரை மணி இருந்தது. அதை எங்கே கொண்டுபோய்க் கழிப்பது என்று தெரியாமல் அந்தச் சுவரிலேயே இருந்தேன்.

திரும்பி வந்தபோது நீ பியர்சன் விமான நிலையத்துக்கு மாமாவோடு வந்து பெட்டியை வாங்கினாய். வீட்டில் விழாப் படத்தைக் காட்டினாய். கறுப்பு அங்கி, பக்கத்தில் காஞ்சிபுரம் சேலையில் புஷ்பா. நல்லாய் இருக்கிறது என்றேன். "பரவாயில்லை அம்மா" என்றாய். நான் மன்னிப்பே கேட்கவில்லை, அதற்கு முன்னாலேயே பரவாயில்லை என்றாய். அந்தப் புரட்டாதியில், டொரோண்டோவிலேயே இடம் கிடைத்திருந்தும், பஸ்ஸில் ஆறு மணித்தியாலம் எடுக்கிற பல்கலைக்கழகத்துக்குப் போனாய். படிப்பு அங்கேதான் நல்லது என்றாய். நானும் அதைத்தான் ஊருக்கெல்லாம் சொன்னேன்.

பிறகு உன் மாமா ரூஜ் ஆற்றுப் பக்கம் வீடு வாங்கிப் போனார். அண்ணனும் கலியாணம் முடித்துப் போனான். மிஸஸ் டாசன் இரண்டு மாரிகாலம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டுக்குப் பீட்டர் வந்திருந்தார், யாரோடு கதைப்பது என்று தெரியாமல் கோட்டைக் கையில் பிடித்தபடி கதவடியிலேயே நின்றார். இப்போது இந்த வீட்டில் இரண்டு அறையும் எனக்குத்தான். குளியலறைக் கதவைச் சாத்துவதே இல்லை. நீ ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுக்கிறாய், அன்னையர் தினத்துக்குப் பூ அனுப்புகிறாய், மருந்து முடிய முன் வாங்கித் தருகிறாய். உன்னைப் போல ஒரு மகன் இல்லை என்று கோயிலில் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் ஓம் என்கிறேன். ஆனால் இந்த ஏழு வருடத்தில் நீ என்னோடு ஒரு நாளும் சண்டை பிடிக்கவில்லை. எரிச்சல்படவில்லை. உனக்கு என்ன நோகிறது என்று சொன்னதும் இல்லை. பிள்ளை வளர்ந்துவிட்டான், அதுதான் என்று நினைத்திருந்தேன்.

புஷ்பா சனிக்கிழமை சொன்னதை இனி எழுதுகிறேன். பயித்தம்பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தோம். உன் பட்டமளிப்புக்கு நான் வராததைப் பற்றிப் பேச்சு வந்தது. பழக்கதோஷத்தில், என்ன செய்வது, அவர்கள் விடவில்லையே என்றேன். அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, இன்னும் ஏன் உதைச் சொல்லுறியள்? அவனுக்கு அப்பவே தெரியுமே. உங்களுக்குச் சொல்லியிருப்பான் எண்டெல்லோ நான் நினைச்சன்."

நான் புறப்பட்ட மறுநாளே கெரல் ஏதோ மருந்துப் பட்டியல் கேட்டு வீட்டுக்குப் போன் எடுத்தாளாம். நீதான் எடுத்தாயாம். என் அம்மாவைக் கொஞ்சம் முந்தி அனுப்ப முடியுமா, எனக்குப் பட்டமளிப்பு இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டாயாம். அவள் திகைத்துப்போய், நான் மூன்று தரம் கேட்டேனே, ஒன்றும் இல்லை என்றாரே என்று சொல்லிவிட்டாளாம். போனை வைத்துவிட்டு நீ நேரே புஷ்பா வீட்டுக்குப் போயிருக்கிறாய். அவளுடைய குசினியில் நின்று, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாய். நீ சொன்னதை அவள் ஒரு சொல் மாறாமல் வைத்திருந்தாள்.

"அம்மாவுக்கு ஒரு ஓய்வு வேணும் அன்ரி. என்னட்டைக் கேட்டிருந்தால் நானே போகச் சொல்லியிருப்பன். அவ கேக்கேல்லை."

அப்படியென்றால், நான் ஐஸ் கப்போடு நின்று பொய் சொன்னபோது உனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் அழாதேங்கோ என்றாய். பதினெட்டு வயதில் நீ அங்கே தனியாக நின்று என் பொய்யையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறாய். நான் உன்னை விட்டுவிட்டுப் போனது பன்னிரண்டு நாள்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் ஏழு வருடம் போயிருக்கிறது.

கலியாணம் செய்யப்போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்வது வழக்கம். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தனியாக இருக்கவேணும்போல இருந்தால் ஆரணியிடம் அதைச் சொல்லிவிட்டுப் போ. அலுவல் என்று சொல்லாதே. அவள் அப்படிக் கேட்டாலும் போக விடு. நான் உன்னிடம் கேட்டிருந்தால், அந்தத் தீவில் எனக்கு நாள் முழுக்க ஒரு குற்ற உணர்வும் இல்லாமல் தூங்கி எழும்பக் கிடைத்திருக்கும். உனக்கும் உன் அம்மாவை நம்பக் கிடைத்திருக்கும்.

இன்னொன்று. போன மாதம் உங்கள் வீட்டைக் காட்டக் கூட்டிப்போனபோது, பின்வளவைப் பார்த்த அறையைத் திறந்து, இது உங்களுக்கு அம்மா, எங்களோடு வந்து இருங்கோ என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கோயில் இங்கே பக்கத்தில், பஸ் வாசலில், புஷ்பாவை விட்டு வரமுடியாது என்றெல்லாம் சாட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். அதெல்லாம் பொய். எனக்கு வர விருப்பம். அந்த அறையில் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்றுகூட நினைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் அன்றைக்குப் போனில் தேற்றியதுபோலத்தான் இதையும் நீ சொல்கிறாயோ என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. ஆரணியோடு இருந்து கதை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லு. எனக்கு நோகும், இரண்டு நாள் சாப்பாடு இறங்காது, மூன்றாம் நாள் எழும்பி வேலைக்குப் போவேன். கோபம் இருந்தால் கோபத்தையும் கொண்டு வா. இந்த முறை என்னைத் தேற்றாதே.

எப்படியும் கலியாணத்துக்கு முதல் ஒருநாள் தனியாக வா. அன்றைக்கு மேடையில் உன் பெயரை அவர்கள் சரியாகக் கூப்பிட்டார்களா, அல்லது எங்கள் நீளப் பெயர்களைக் குழப்புவதுபோலக் குழப்பினார்களா, கூப்பிட்டபோது நீ எந்தப் பக்கம் பார்த்தாய் என்று நான் இதுவரைக்கும் கேட்டதில்லை. வந்து சொல்லு, கேட்கிறேன்.

அம்மா